50-க்கும் 66-க்கும் நடுவே

வட சென்னை சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கம்பிக் கட்டு லாரியிலிருந்து சரியும்போது முதலில் ஒரு கனத்த அடி விழும். அதன் பின்னாலேயே கம்பிகள் ஒன்றோடொன்று உரசி அடங்கும் சலசலப்பு. ஆங்கிளை வெட்டினால் வேறு சத்தம், எம்.எஸ். ஷீட்டைத் தரையில் போட்டால் வேறு. மணலி ரோட்டில் வரிசையில் நிற்கிற டிரெய்லர் ஏர் பிரேக்கை விடும்போது வருவது தனி ரகம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை ஊருக்கு வெளியே நகர்த்த சிஎம்டிஏ உருவாக்கிய சந்தை இது. வியாபாரத்தோடு சத்தமும் இடம் பெயர்ந்து வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் பீட் போடுகிற பையனுக்கு அது தொந்தரவு இல்லை. அதுதான் கிக், அதுதான் ஸ்நேர், அதுதான் ஹை-ஹேட். செல்போனில் பதிவு செய்து வைத்திருப்பான். லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இருக்கும். அதற்கு மேல் அவன் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: கையால் தட்டுகிற பெட்டி ஒன்று வாங்கலாமா, வாங்குவதானால் எதை?

கடைக்காரரும் யூடியூபும் இதற்குப் பட்டியல் போட்டுப் பதில் சொல்வார்கள். இத்தனை பேடு, இத்தனை ஜிபி, இத்தனை எஃபெக்ட். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து மாப்பிள்ளை முடிவு செய்வது மாதிரிதான் அது. பெட்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரித்துவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தப் பெட்டி பிறந்ததிலிருந்து இன்றுவரை அதற்குள் ஒரே ஒரு சண்டைதான் நடக்கிறது: தாளத்தை நேராக்குவதா, கையின் போக்கில் விடுவதா?

பூர்வீகம் லாஸ் ஏஞ்சலிஸ். ரோஜர் லின் என்ற கிதார்க்காரர், லியான் ரஸ்ஸலின் குழுவில் வாசித்தவர், தன் பாட்டுகளுக்கு டிரம்ஸ் போட ஆள் தேடி அலுத்து, ஒரு மெஷினைச் செய்தார். 1980இல் வந்த எல்எம்-1. அதற்கு முன்பிருந்த ரிதம் பெட்டிகள் மின்சுற்றால் டிரம் மாதிரி சத்தம் எழுப்பின. இதுவோ நிஜ டிரம்ஸைப் பதிவு செய்து சிப்பில் ஏற்றி, பட்டனைத் தட்டினால் திருப்பிக் கொடுத்தது. விலை 4,995 டாலர். அந்த விலைக்கும் அதில் சிம்பல் கிடையாது. சிம்பல் அடித்தால் ஓசை நெடுநேரம் இழுக்கும். அவ்வளவு நேரத்தைப் பிடித்துவைக்க அன்றைக்கு மெமரி சிப்பின் விலை கட்டுப்படியாகவில்லை. மொத்தமே ஐந்நூற்றுச் சொச்சம் பெட்டிகள்தான் செய்தார்கள்.

சத்தத்தைவிட அதிலிருந்த வேறு இரண்டு விஷயங்கள்தான் நம் கதைக்கு முக்கியம். ஒன்று, பிசகித் தட்டினாலும் மெஷின் அந்த அடியை அருகிலிருக்கும் கட்டத்துக்கு இழுத்துச் சரிசெய்துவிடும். இன்னொன்று ஸ்விங். நேராக்கிய தாளத்தை ஓர் அளவோடு திரும்பக் கோணலாக்குகிற வசதி. நேராக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார், கோணலாக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார்.

இந்த ஸ்விங்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஒரு பீட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையில் 667 மில்லி நொடி. அதை நான்காகப் பிளந்தால் சதுஸ்ரம். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 167 மில்லி நொடி. லின் செய்தது இதுதான்: நாலில் ஒன்றாவது, மூன்றாவது தட்டுகளைத் தொடாமல், இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் கொஞ்சம் தாமதமாக விழவைத்தார். ஸ்விங் 50 என்றால் தாமதமே இல்லை, அச்சு அசல் சதுஸ்ரம். 54 என்றால் இரண்டாவது தட்டு 167இல் விழாமல் 180இல் விழும். வித்தியாசம் வெறும் 13 மில்லி நொடி. காதால் எண்ண முடியாது, ஆனால் தலை தானாக ஆடும். 66-க்குக் கொண்டுபோனால் அது 220இல் போய் நிற்கும். அதாவது இரண்டுக்கு ஒன்று என்ற பங்கு. நம் ஊர்க் கணக்கில் அது திஸ்ரம்.

ஆக, அந்த ஸ்விங் திருகில் இருக்கிற 50 என்பது சதுஸ்ரம், 66 என்பது திஸ்ரம். நடுவில் இருப்பதற்கு நம் சங்கீதப் புத்தகத்தில் பெயர் இல்லை. சாவு வீட்டு வாசலில் சட்டியும் கட்ட மோளமும் அடிப்பவர்கள் கையில் அது உண்டு. ‘டண்டணக்கா’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள்; மும்மூன்றாக உருள்வது போலவும் இருக்கும், நாலாக நிற்பது போலவும் இருக்கும். ஆட்டம் சூடேறும்போது அதே அடி நேராகிக்கொண்டே வரும், தளரும்போது மறுபடி உருளும். அறுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கும் திரும்ப அறுபதுக்கும் ஒருவர் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பது போல. வட சென்னைப் பையன் பெட்டி வாங்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தில் அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

லின்னின் சொந்தக் கம்பெனி 1986இல் மூடப்பட்டது. ஜப்பானின் அகாய் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. 1988இல் வந்தது எம்பிசி-60: நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் கட்டங்கள், விரலால் தட்டுவதற்கு. எவ்வளவு அழுத்தித் தட்டுகிறாயோ அவ்வளவு சத்தம். சாம்பிள் பிடிக்க, அதாவது வெளியிலிருந்து சத்தத் துண்டுகளைப் பதிந்துவைக்க, 13 நொடிக்குச் சற்று அதிகமான இடம். ஸ்டுடியோவில் சொகுசாக உட்கார்ந்து பாப் பாட்டு செய்பவர்கள் வாங்குவார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்கள் நியூயார்க்கின் கறுப்பினப் பையன்கள்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1987இல், இ-மு கம்பெனியின் சாம்பிள் பெட்டியான எஸ்பி-1200 வந்துவிட்டது. மொத்த நினைவு பத்து நொடி. அதிலும் ஒரு பேடில் இரண்டரை நொடிக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு முழுப் பாட்டுக்கும் பத்து நொடிதான். பையன்கள் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். 33 சுற்று எல்பி ரெக்கார்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்வது. மூன்று நொடி டிரம் துண்டு கீச்சுக் கீச்சென்று 2.2 நொடிக்குள் அடங்கிவிடும். பிறகு மெஷினுக்குள் வேகத்தை இறக்கினால் பழைய சுருதிக்கு வந்துவிடும். ஆனால் வந்தது பழைய சத்தம் இல்லை. 12 பிட் தரமும், 26 கிலோஹெர்ட்ஸ் பதிவும், இந்த இழுபறியும் சேர்ந்து அதில் மணல் கலந்த மாதிரி ஒரு சொரசொரப்பை ஏற்றிவிட்டன. இல்லாமையால் வந்த அந்த அழுக்கைத்தான் இன்றைக்கு விலை உயர்ந்த பிளகின்கள் பொத்திப் பொத்திப் போலி செய்கின்றன. வேடிக்கைதான்.

ரோலண்ட் கம்பெனியின் டிரம் பெட்டியான டிஆர்-808இன் கதையும் இதற்குத் தம்பி. 1980 முதல் 1983 வரை ஏறக்குறைய 12,000 பெட்டிகள் செய்து நிறுத்திவிட்டார்கள். நிஜ டிரம் மாதிரி இல்லை என்று கடைகளில் தேங்கியது, செகண்ட் ஹேண்டில் விலை சரிந்தது. கையில் காசில்லாதவர்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். இதே 808ஐ வாங்கியவர்களில் பம்பாய்க்காரர் ஒருவரும் உண்டு: சினிமா ஸ்டுடியோக்களில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங். டிபி-303 என்ற பேஸ் பெட்டியையும் சேர்த்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்பி போட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் அதைச் சீந்த ஆளில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோதுதான், உலகம் ஆசிட் ஹவுஸ் என்று பெயர் வைத்து ஆடிய சத்தத்தின் சாயலை அதற்கு முன்பே ஒருவர் பம்பாயில் வாசித்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

மெட்ராஸுக்கு வருவோம். இங்கே இந்த மாதிரி கருவிகளை வாங்குவது ஒரு வழி, வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் இறந்த பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அவர் குடும்பம் பிழைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் இணைத்துக் கொடுத்த பையன் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரை வைத்து இசையமைத்தபோது கோடம்பாக்கம் அதிசயித்துப் பார்த்தது. கஸ்டம்ஸ் வரி அநியாயமாக இருந்த காலத்தில் வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் சாமான் குருவி வழியாகத்தான் ஊருக்குள் வரும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறந்து போய்ப் பெட்டியோடு திரும்புகிறவர்களுக்கு இந்த ஊர் வைத்த பெயர் குருவி. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் அந்தச் சாமான் கைமாறும். ரிப்பேர் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்.

ஆனால் மெட்ராஸ் மேடையில் குடியேறிய பெட்டி எம்பிசி அல்ல, ஆக்டோபேட். ரோலண்ட் 1985இல் கொண்டுவந்த எட்டுக் கட்ட ரப்பர் தட்டு. முதலில் வந்ததில் சொந்தச் சத்தம்கூடக் கிடையாது, வேறொரு மெஷினோடு வயர் போட்டு இணைக்க வேண்டும். 1998இல் வந்த எஸ்பிடி-20இல் எழுநூறு சத்தங்கள் உள்ளேயே இருந்தன. லைட் மியூசிக் ட்ரூப் எதுவானாலும் அதில் ‘பேட்’ வாசிக்கிறவர் ஒருவர் இருப்பார். தபேலா, டோலக், டிரம்ஸ், கைதட்டல், விசில் எல்லாவற்றையும் ஒரு ஜோடிக் குச்சியால் அவரே பார்த்துக்கொள்வார். ஹிப்-ஹாப்காரன் விரலால் தட்டுவதை நம்மவர் குச்சியால் அடிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது வருஷமாகத் திருமண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் உட்கார்ந்து இதை வாசித்தவர்களை யாரும் பீட்மேக்கர் என்று சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

எம்பிசியை அதன் எல்லைக்குக் கொண்டுபோனவர் டெட்ராய்ட்டின் ஜே டில்லா. 2006இல், முப்பத்திரண்டு வயதில் இறந்தார். அவருடைய எம்பிசி-3000 இன்றைக்கு வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டில்லா நேராக்கும் வசதியை அணைத்துவிட்டு இஷ்டத்துக்குத் தட்டினார், அதுதான் ரகசியம் என்று பலர் சொல்வார்கள். 2022இல் வந்த ‘டில்லா டைம்’ நூலில் டான் சார்னாஸ் அது அவ்வளவு எளிதல்ல என்று காட்டுகிறார். ஹை-ஹேட் ஒரு நடையில், ஸ்நேர் கொஞ்சம் முந்தி, கிக் வேறொரு நடையில் என்று நேரான தாளத்தையும் ஊசலாடும் தாளத்தையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். தட்டிய பிறகு சில அடிகளை மட்டும் மெஷினுக்குள் முன்பின்னாக நகர்த்தினார். அது கைத்தவறு அல்ல, கணக்கு. சட்டி ஒரு போக்கிலும் கட்ட மோளம் அதை இழுத்துப் பிடித்து இன்னொரு போக்கிலும் போவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புரியாத புதிராக இருக்காது.

தமிழர் ஒருவர் பெட்டியைத் தேர்ந்தெடுத்த கதை என்று தேடினால், ஊரில் அல்ல, லண்டனில் போய் நிற்கும். மாயா அருள்பிரகாசம். ஈழப் போராட்ட இயக்கமான ஈரோஸின் நிறுவனர்களில் ஒருவரான அருளரின் மகள். குழந்தைப் பருவம் யாழ்ப்பாணத்தில், பத்துப் பதினோரு வயதில் அகதியாக லண்டன். படித்தது சினிமாவும் ஓவியமும், இசை படிக்கவில்லை. 2001இல் எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போனபோது, அதே மேடைகளில் பாடிய பீச்சஸ் என்ற பாடகி ஒரு பெட்டியை அறிமுகம் செய்துவைத்தார்: ரோலண்ட் எம்சி-505. 1998இல் வந்த குரூவ் பாக்ஸ். கையைக் காற்றில் அசைத்தால் சத்தம் வளைகிற ஒரு ஒளிக் கதிர் வசதிகூட அதில் உண்டு. ஆனால் சாம்பிள் பிடிக்காது. ஹிப்-ஹாப் பண்டிதர்கள் ‘இதையெல்லாமா’ என்று உதட்டைப் பிதுக்குகிற ரகம்.

மாயா அதைத்தான் எடுத்தார். ஒரு சாதாரண மைக், நாலு டிராக் ரெக்கார்டர், அந்த 505. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அதில் செய்த டெமோ பாட்டுகளில் ஒன்று ‘கலாங்’. 2003இல் வெறும் 500 வினைல் தட்டுகளாக வெளியாகிக் கைக்குக் கை பரவியது. தந்தையின் பெயரிட்ட ‘அருளர்’ ஆல்பம் 2005இல் வந்து மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பெட்டியில் என்ன இல்லை என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இருக்கிற சத்தங்களை முரட்டுத்தனமாக வைத்தார். சாம்பிள் பிடிக்க முடியாத இடத்தில் தன் குரலையே டிரம் மாதிரி உபயோகித்தார்.

அடுத்த ஆல்பத்தில் அவருக்கு அது போதவில்லை. அம்மாவின் பெயரிட்ட ‘கலா’ (2007) ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் அந்த உறுமியின் இழுப்பைக் கேட்கலாம். உறுமியின் தோலைக் குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் எந்த 16 கட்டத்துக்குள்ளும் அடங்காது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. அதை நறுக்கிக் கட்டத்தில் உட்காரவைக்காமல் அதன் வேகத்தையே பாட்டின் வேகமாக வைத்துக்கொண்டதால்தான் அந்தப் பாட்டு அப்படி ஓடுகிறது. அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் இளையராஜாவின் ‘தளபதி’ படப் பாட்டு ஒன்றின் சாம்பிளும் உண்டு. லண்டன் பெட்டி கடைசியில் வந்து சேர்ந்த இடம் நம் தெரு.

இளையராஜாவை அதற்கு முன்பே அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் சாம்பிள் எடுத்துவிட்டார்கள், 2003இல், ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படப் பாட்டிலிருந்து. மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் ‘மடை திறந்து’ பாட்டை வைத்துத் தமிழ் ஹிப்-ஹாப்பை ஊரெங்கும் கேட்கவைத்தார்கள். சாம்பிள் பெட்டி வாங்கும் எல்லோருக்கும் ராஜா பாட்டை நறுக்கத்தான் முதலில் கை துறுதுறுக்கும். வீட்டில் நறுக்கிப் பழகுவதில் தப்பில்லை. காசுக்கு வெளியிடப் போனால் வேறு கதை. அமெரிக்காவில் 1991 டிசம்பரில் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக வந்த தீர்ப்போடு இஷ்டத்துக்குச் சாம்பிள் எடுக்கும் காலம் முடிந்துபோனது. இங்கே ராஜாவின் வக்கீல் நோட்டீஸ் 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்துக்கே போனது. சாத்தாங்காட்டுப் பையனுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கம்பிக் கட்டு சரிகிற சத்தத்துக்கு யாரும் ராயல்டி கேட்க மாட்டார்கள்.

‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ 1994இல் மெட்ராஸ் பாஷையை ராப் தாளத்தில் வைத்துக் காட்டியது. ஆனால் வட சென்னையின் கருவிகளே மேடை நடுவுக்கு வந்தது 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானத்தில். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் கூட்டிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன. சட்டியும் கட்ட மோளமும் பறையும் எலக்ட்ரிக் கிதாரோடு சேர்ந்து ஒலித்தன. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த தோலும் தகரமும் திரண்டு நின்ற கூட்டத்தின் முன்னால் வந்தன. அங்கே எந்த ஸ்விங் திருகும் தேவைப்படவில்லை.

சரி, எதை வாங்குவது?

கை எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். குச்சி பிடித்துப் பழகிய கை என்றால் விரல் பேடு வாங்கி மூன்று மாதம் சிரமப்படுவானேன்? எஸ்பிடி-எஸ்எக்ஸ் மாதிரி சொந்தச் சத்தத்தை ஏற்றிக்கொள்ளும் பேட் இருக்கிறது. கச்சேரிக்காரர்கள் புது மாடலுக்கு மாறும்போது பழையது விலைக்கு வரும். ஹிப்-ஹாப்புக்கு இது அழகில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

விரல்தான் என்றால் இரண்டு பரம்பரை. ஒன்று லின் வழி: எம்பிசி ஒன் (2020), அதன் அடுத்த பதிப்பான ஒன் பிளஸ் (2023). ரோஜர் லின் போட்ட ‘டைமிங் கரெக்ட்’ என்ற பெயர் இன்னமும் அதன் மெனுவில் இருக்கிறது. மும்மூன்றாகப் பிளக்கும் கட்டமும் உண்டு. அடிகளை ஒவ்வொன்றாக முன்பின் நகர்த்தவும் முடியும். டில்லா செய்ததை நிதானமாகச் செய்து பார்க்க இதுவே வசதி. குறை, இதில் பேட்டரி கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் லைவ் 2 இருக்கிறது, அதற்குக் காசு வேண்டும்.

இன்னொன்று ரோலண்டின் எஸ்பி-404 பரம்பரை. 2005இல் வந்தது, 2021இல் இரண்டாம் மார்க். கடையில் கிடைக்கிற ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். இதன் ருசி எஃபெக்ட்டில் இருக்கிறது. சுத்தமாகப் பதிவு செய்த ஷீட் சத்தத்தை உள்ளே விட்டால், பழைய ரெக்கார்டு மாதிரி, உடைந்த ரேடியோ மாதிரி, தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி வெளியே வரும். நுணுக்கமாக அடியை நகர்த்துகிற வேலைக்கு எம்பிசி அளவுக்குச் சுகமில்லை. உட்கார்ந்து கணக்குப் போடுகிறவனுக்கு எம்பிசி. ஒரு லூப்பை ஓடவிட்டு அதன் மேல் கையால் விளையாடுகிறவனுக்கு 404. என்னைக் கேட்டால், சாத்தாங்காட்டுச் சத்தங்களுக்கு 404தான். இரும்பைத் திருத்த வேண்டியதில்லை, அரித்தால் போதும்.

காசு குறைவு என்றால் டீனேஜ் எஞ்சினியரிங் கம்பெனியின் இபி-133. 2023இல் 299 டாலருக்கு வந்தது. கால்குலேட்டர் மாதிரி இருக்கும், சின்ன ஸ்பீக்கரும் உண்டு. வந்தபோது நினைவு 64 எம்பி. இந்தக் காலத்தில் இது ஒரு போட்டோவுக்கே பத்தாது என்று சிரிப்பார்கள். எஸ்பி-1200இன் பத்து நொடியை நினைத்துப் பார்த்தால் இது ஜமீன். எலெக்ட்ரான் கம்பெனியின் டிஜிடாக்ட் நல்ல பெட்டிதான், ஆனால் அதில் அழுத்தம் உணர்கிற பேடு இல்லை. தட்டி வாசிக்கிறவனுக்கு அது ஆகாது.

பழைய எம்பிசி மீது ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருகிற செகண்ட் ஹேண்ட் பெட்டி பல நேரம் நூறு, நூற்றிருபது வோல்ட்டுக்குச் செய்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230இல் சொருகினால் ஒரே புகை. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் காசை எண்ண வேண்டும். அப்புறம் கடல் காற்று. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் வாசல் கிரில்லே பொரிந்துபோகிறது, பட்டனுக்கு அடியில் இருக்கும் தகடு எம்மாத்திரம். ஒவ்வொரு பேடையும் மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பலமாகத் தட்டினால் எல்லாப் பேடும் பேசும், மெதுவாகத் தட்டும்போதுதான் செத்தது தெரியும். சின்ன ஸ்விட்ச்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், மாற்றித் தர ஆள் உண்டு. திரை போனால்தான் தலைவலி. வாங்கிய பெட்டியைத் தரையில் வைக்காமல் பரணில் வைப்பது உத்தமம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் எண்ணூர் பக்கம் எண்ணெயோடு வீட்டுக்குள் வந்தது நினைவிருக்கும்.

கடையில் பெட்டியை ஆன் செய்ததும் அதிலிருக்கிற டெமோ பீட்டைப் போட்டுக் காட்டுவார்கள். எல்லா டெமோவும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஹெட்போனை வாங்கிக்கொண்டு, நேராக்கும் வசதியை அணைத்து, ஒரு டண்டணக்காவை நிதானமாக ஒரு நிமிடம் தட்டிப் பதிவு செய்து திரும்பக் கேட்க வேண்டும். தட்டியது மாதிரியே வந்தால் பேடும் நேரமும் நம்பலாம். பிறகு நேராக்கும் வசதியைப் போட்டு, ஸ்விங்கை 50இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சில பெட்டியில் 50, 54, 58 என்று படிப்படியாகத்தான் ஏறும். சிலதில் ஒவ்வொரு எண்ணாக ஏறும். இரண்டாவது ரகமாக இருந்தால் நல்லது. எங்கோ 57, 58 பக்கம் கால் தானாகத் தரையைத் தட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஆள் மாறும்.

பெட்டிக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை நல்ல மைக்குக்கும் கையடக்க ரெக்கார்டருக்கும் ஒதுக்கி வைப்பது முக்கியம். செல்போன் பதிவு கிக்குக்குத் தாங்காது, கனத்த அடி விழும் இடத்தில் அதுவே சத்தத்தை அமுக்கிவிடும். சந்தையில் பதிவு செய்வதானால் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சரக்கு இறங்குகிற காலை நேரத்தில், கிரேனுக்குக் கீழே நிற்காமல் செய்ய வேண்டும். சட்டி வாசிப்பவரைப் பதிவு செய்வதானால், சாவு வீட்டில் ஒளித்துவைத்து எடுக்காமல், கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு நாள் மேளத்துக்கு என்ன வாங்குவாரோ அதைக் கையில் கொடுத்து, பாட்டு வெளியாகும்போது அவர் பெயரையும் போட வேண்டும். அவரை முதலில் தனியாக வாசிக்கச் சொல்லி, பிறகு கட்ட மோளத்தோடு சேர்த்து வாசிக்கச் சொன்னால் இரண்டு பதிவுக்கும் நடை வேறாக இருக்கும். பெட்டியில் ஏற்ற வேண்டியது இரண்டாவது பதிவைத்தான்.